கடைசித் தட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். மாதாவிடம் மண்டியிட்டு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மனிதர்களிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. போன வாரம் என் மகன், “அம்மா, சாப்பாட்டு லைனுக்கு நான்தான் லீடர்!” என்று குதித்துக்கொண்டு வந்தான். அன்றிரவு ஜெபத்தில் என் மனம் நிற்கவில்லை.

ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பில், நானும் அதே லீடர்தான். மதியச் சத்துணவு வரிசையில் யார் தள்ளினாலும் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். பெயர் வந்தவர் கடைசியில் போய் நிற்க வேண்டும். இது டீச்சர் போட்ட சட்டம்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மற்ற நாளெல்லாம் இருக்கும் இடம் தெரியாது. திங்கட்கிழமை மட்டும் மணி அடித்ததும் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் ஓடுவாள். நான் உடனே எழுதிவிடுவேன்.

“எழுது லீடரம்மா, சாக்பீஸ் தீர்ற வரைக்கும் எழுது” என்று சிரித்துக்கொண்டே கடைசிக்குப் போவாள்.

சோறு போட்டது என் அத்தை, அப்பாவின் தங்கை. கடைசியாக வரும் அவளுக்கு அண்டாவை வழித்து இரண்டு கரண்டி போடுவார். எனக்குப் பொறுக்கவில்லை.

“தண்டன வாங்குனவளுக்குப் போயி ரெண்டு கரண்டியா அத்த?”

“ஏண்டி, உனக்கும் வேணும்னா உம் பேரையும் எழுதிக்கிட்டுக் கடைசியா வா. போடுறேன்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த ரோஷத்தில் டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை டீச்சரே அண்டா பக்கத்தில் வந்து நின்றார். அத்தை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் தட்டை நக்கித் துடைத்துவிட்டு, குழாயடியில் குனிந்து வெகுநேரம் தண்ணீர் குடித்தாள். அன்று அவள் என்னைக் கேலி செய்யவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தை ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: “நேத்து ராத்திரி நீ என்னடி சாப்ட்ட?”

“கொழம்பு, அப்பளம்” என்றேன். இதை ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை.

அவள் பெயர் திங்கட்கிழமைதான் போர்டில் வரும் என்று எழுதிய எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு பள்ளியில் உலை வைப்பதில்லை என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

படிக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். சின்னப் பிள்ளைதானே என்று இரக்கப்பட்டு, கோள் சொன்னது நான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.