தலைகீழ்க் கோல்

நீர்ப்பாசன எஞ்சினியர் நிஸ்தார் மார்கழி அடைமழையில் மௌத்தானார். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று காத்தான்குடிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது. மகன் அஸ்கருக்கு அழுகை வரவில்லை. அலுமாரியின் மேலிருந்த மரப்பெட்டியை இறக்கினான்.

உள்ளே வாப்பாவின் பித்தளை லெவல். வெள்ளைக்காரன் காலத்துத் தொலைநோக்கி. தூரத்தில் ஒருவர் இலக்கக் கோலைப் பிடிக்க, குழலில் தெரியும் இலக்கத்தை வைத்து நிலத்தின் ஏற்ற இறக்கம் பார்ப்பது. நீர்ப்பாசனக் கந்தோரில் கழித்துப் போட்டதை வாப்பா எடுத்து வந்தார். வேலையிலிருந்த காலமெல்லாம் அதைத் தோளில் சுமந்து வயல் வட்டை வட்டையாக வாய்க்கால் மட்டம் பார்த்தார். "நிஸ்தார் எஞ்சினியர் சொன்னாத் தண்ணி கேக்கும்" என்பார்கள் வயற்காரர்கள்.

ஒருமுறை கேட்கவில்லை. உம்மா நஸீபாவை அடக்கியதும் ஒரு மழைக்காலத்தில்தான். வெட்டிய கபுறுக் குழியில் தண்ணீர் ஊறியது. இறைத்து மாளாமல் ஈரத்திலேயே வைத்தார்கள். அஸ்கர் அப்போது டோஹாவில் வேலை. போனில் வாப்பா ஒன்றுதான் சொன்னார்: "என்னத் தண்ணிக்குள்ள வெச்சிராத மகன்." அதன்பிறகு அவர் பெட்டியைத் திறக்கவில்லை. லெவலோடு வந்த தேக்குக் கோல் பின்வளவில் உடுப்புக் கொடிக்கு முட்டாக நின்றது. அஸ்கர் அதை எடுக்கவில்லை.

உம்மாவை அடக்கிய மையவாடி உப்புநீர்க் களப்பின் ஓரம். பள்ளிக்கூடத் தோழன் ஸாஜித் இப்போது கட்டட வேலைக் கொந்தராத்துக்காரன். தன் புது அலுமினியக் கோலைக் கொண்டுவந்து, அஸ்கர் காட்டிய இடங்களில் பிடித்தான்.

கபுறு வெட்டும் அம்ஜத் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார். "வாப்பாவ அடக்கப் போறீங்களா, வாய்க்கால் வெட்டப் போறீங்களா?"

"கொஞ்சம் பொறுங்க காக்கா."

"நான் பொறுப்பன். மையத்துப் பொறுக்காது."

குழலில் மழைநீர் வழிந்தது. உம்மாவின் கபுறுக்குப் பக்கத்தில் ஒன்பது. நடுவில் எட்டு. வடக்கு மதிலோரம் ஆறு. இலக்கம் குறையக் குறைய நிலம் உயரம்.

"மதிலடியில வெட்டுங்க."

இடுப்பளவு போகுமுன் தண்ணீர் குமிழியிட்டு வந்தது. அம்ஜத் மேலே ஏறினார். "இது கபுறு இல்ல தம்பி, குளம்."

அஸ்கர் மறுபடி குழலுக்குள் பார்த்தான். ஆறுக்கு அடுத்த ஐந்து தேடினான். எட்டு இருந்தது, அதற்கப்பால் ஏழு, தலைகீழாக. அப்போதுதான் உறைத்தது. பழைய குழல் எதையும் கவிழ்த்துக் காட்டும். அதனால்தான் வாப்பாவின் கோலில் இலக்கங்களையே கவிழ்த்து எழுதியிருந்தார்கள். புதுக்கோலில் அவன் ஆறு என்று வாசித்தது ஒன்பது. ஒன்பது என்று வாசித்தது ஆறு. அதை ஸாஜித்திடம் சொன்னான்.

"டோஹாவில ஆறும் ஒம்பதும் ஒண்டா மச்சான்?" என்றான் ஸாஜித். அஸ்கரின் முகத்தைக் கண்டதும் கோலைச் சுருக்கினான்.

"உயரமான இடம் உம்மாட பக்கம்தான்" என்றான் அஸ்கர்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் அம்ஜத். "எஞ்சினியர்ர மகன் குழலால பாத்துச் சொன்னதாலதான் மதிலடியில வெட்டினன். உம்மா மௌத்தான அண்டைக்கு உங்கட வாப்பா இதே குழலால பாத்துத்தான் அந்த இடத்தக் காட்டினவர்."

"அங்கயும் தண்ணி வந்ததே காக்கா."

"களப்புக்குப் பக்கத்தில காய்ஞ்ச கபுறு ஏது மகன்?"

உம்மாவின் பக்கத்தில் வெட்டினார்கள். அங்கேயும் ஊறியது, குறைவாக. சனம் குடைகளுக்குள் நின்று முணுமுணுத்தது. பள்ளிவாசலிலிருந்து வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு வந்துவிட்டது.

"ஸாஜித், எங்கட வீட்டுப் பின்வளவில கொடிக்கு முட்டுக் குடுத்த கோல் நிக்குது. அதையும் மரம் அறுக்கிற வாள் ஒண்டையும் கொண்டு வா."

தேக்கு ஈரத்திலும் அறுபட மறுத்தது. அஸ்கர் துண்டு துண்டாக அறுத்து, குழிக்குள் இறங்கித் தண்ணீருக்கு மேல் வருமட்டும் குறுக்கே அடுக்கினான். கபுறு மூட வைத்திருந்த பலகைகளில் ஒன்றை அவற்றின்மேல் போட்டான். தண்ணீர் குதிகால் அளவு. மேலிருந்து வாப்பாவை நீட்டினார்கள். இரு கைகளாலும் வாங்கி, வலப்பக்கமாகச் சரித்து வைத்தான். பாரம் ஏறியதும் பலகை சற்று இறங்கி நின்றது.

பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே விரல்களை வைத்துப் பார்த்தான். நாலு விரல். மழை விடவில்லை.

"ஏறுங்க மகன்" என்றார் அம்ஜத்.

அவன் விரல்களை எடுக்கவில்லை. மூன்றானது.