பிஸ்கட் டின் வைத்தியம்

கம்பளையில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. யாருக்காவது டொக்டர் ஏழு நாளைக்கு அன்டிபயோடிக் எழுதிக் கொடுத்தால், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் உம்மா மிச்சத்தை அதற்குள் போட்டுவிடுவார். அடுத்தவருக்கு வருத்தம் வந்தால் நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பார். தொண்டைக்குச் சிவப்பு-கறுப்பு, புண்ணுக்கு மஞ்சள். பக்கத்து வீட்டாரும் வந்து வாங்கிப் போனார்கள். இந்த மடத்தனத்துக்கு எங்கள் குடும்பத்தில் சிக்கனம் என்று பெயர். நானும் பரீட்சைக் காலத்தில் அதிலிருந்து விழுங்கியவள்தான்.

பிறகு படித்து, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கிருமிகளோடு மாரடிக்கும் வேலைக்குப் போனேன். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளைக் கொல்லப் புது மருந்து தேடும் வேலை. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டங்களில் மண் அள்ளி வந்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் உருப்படியாக எதையாவது சுரக்கின்றனவா என்று வருடக்கணக்காகப் பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அட்டைக்கடிதான். கடைசியில் ஒரு மண்ணில் ஏதோ இருந்தது. உடனே வாப்பாவின் தம்பி, சாச்சா, குடும்ப வட்ஸ்அப்பில் 'எங்கட புள்ள மருந்து கண்டுபிடிச்சிட்டா' என்று போட்டார். கண்ணாடித் தட்டில் கிருமி சாவதெல்லாம் மருந்தாகிவிடாது என்பது அந்த மனிதருக்கு எங்கே விளங்கப்போகிறது. லீவில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் டின்னைப் பார்த்து நக்கலடித்தேனே தவிர, ஒருநாளாவது தூக்கி எறியவில்லை.

வாப்பாவுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம். கால் விரலில் வந்த புண்ணுக்கு, எனக்குச் சொல்லாமல் மூன்று வாரம் மஞ்சள் குளிசை விழுங்கியிருக்கிறார், அதுவும் நினைவு வந்த நாட்களில் மட்டும். கண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது புண்ணிலிருந்த கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. அனுமதி வாங்கி அந்தக் கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்து, எங்கள் மண்ணிலிருந்து பிரித்ததில் ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் சொட்டைச் சுற்றி எல்லாம் செத்து, தட்டில் தெளிவாக ஒரு வட்டம் தெரிந்தது.

அறிவு கெட்டுப்போய், அதை வாப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப அத எனக்குப் போடுங்களே மகள்."

"ஏலா வாப்பா. அது ரத்தத்தையும் சேத்துக் கொல்லுது. மனுசருக்குக் குடுக்கிற மாதிரி ஆக்க இன்னம் பத்துப் பதினஞ்சு வருசம் போகும்."

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். "டொக்டர் கால எடுக்கிறது நாளைக்கெண்டு சொன்னாரே," என்றார். கோபம் எதுவும் இல்லை. நேரம்தான் கேட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த நேரம் நான் ஆய்வுகூடத்தில், அவருடைய கிருமி செத்துக் கிடந்த வட்டத்தை அடிமட்டம் வைத்து அளந்துகொண்டிருந்தேன். நல்ல பெரிய வட்டம்.