நான் பிய்த்த நீல டேப்

கார் தலைக்கு மேலே நின்றபோதுதான் அதன் அடிவயிற்றை முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஆவணி. தண்டலம் தாண்டி நெடுஞ்சாலையோரம் ஒரு சர்வீஸ் சென்டர். அதன் லிஃப்டில், வாங்கி மூன்று வாரமே ஆன என் வண்டி சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. துருப்பிடிக்காமல் இருக்க அடியில் கருப்புப் பூச்சு அடிக்க வந்திருந்தோம். வெளியே ஷெட்டில் அடித்தால் வாரண்ட்டி போய்விடும் என்று கையேட்டை மூன்று தடவை படித்து வைத்திருந்தேன். கம்பெனியின் சொந்த சென்டரிலேயே அடித்து, ஜாப் கார்டில் முத்திரையும் வாங்கிவிட்டால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. என் கெட்டிக்காரத்தனம் எனக்கே இனித்தது.

துருவுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. வீடு மணிமங்கலத்தில், வேலை ஒரகடத்தில். ஐப்பசி பிறந்தால் லாரிகள் தோண்டிய பள்ளமெல்லாம் குளம், குளமெல்லாம் சாலை. அதைவிடப் பெரிய காரணம் என் தொழில். கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் சீலர் பரிசோதனை செய்பவன் நான். தகடும் தகடும் சேரும் இடுக்கை அடைக்கும் பசைதான் சீலர். நிறம் ஏறாத உடல்கள் நாள் முழுக்க என் முன்னால் நகர்ந்துபோகும். பசை சரியாக விழுந்திருக்கிறதா, மூட வேண்டிய துளை மூடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். திறந்த துளை கண்ணில் பட்டால் சிவப்பு மார்க்கரால் ஒரு வட்டம். லைனில் எனக்குப் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடிக்குள் திறந்திருப்பது எதுவும் குற்றம். அதற்கு அப்பால் எந்தத் துளை திறந்தே இருக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. யாரும் சொன்னதுமில்லை.

பூச்சு அடிப்பவருக்கு முப்பது வயது இருக்கும். கோவில்பட்டிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேரோடு ஓர் அறையில் இருப்பதாகச் சொன்னார். நீல டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து இடது முன்கையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தகட்டுப் பெட்டி ஓடும். அதன் கீழே உள்ள சின்னத் துளைகளின் மேல் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒட்டினார். பூச்சு அடித்து முடித்து டேப்பை உரித்தால் துளை திறந்தே இருக்கும்.

“என்னப்பா, அத்தனையும் ஓட்டையாவே வுட்டுடுவியா?”

“மேலருந்து கதவு வழியா வார தண்ணி இறங்குத ஓட்டைல்லா சார். அடைச்சிட்டா உள்ளயே நின்னுரும்.”

“இறங்கற வழியாத்தானே ஏறும்? சீலர் லைன்ல ஆறு வருஷமா நிக்கறேன், எனக்கே பாடம் எடுக்கறியா?”

அவர் சிரித்தார். “கோவப்படாதீங்க சார். உள்ளதத்தான் சொல்லுதேன்.”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. குனிந்து வண்டிக்கடியில் போய், நகத்தால் முதல் டேப்பைப் பிய்த்தேன். பிறகு இரண்டாவது. பிறகு எல்லாம். உருட்டி அவர் கையில் திணித்து, “இப்ப அடி” என்றேன்.

அடித்தார். கஸ்டமர் நின்று சொன்னால் அடிக்காமல் என்ன செய்வார். துளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மழைக்காலம் போனது. பிரேக் போட்டால் வண்டிக்குள் எங்கோ சளக் என்றது. அப்புறம் கதவுக்கடியில் பெயின்ட் கொப்பளித்தது. கட்டைவிரலால் அழுத்தினேன்; நனைந்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

சர்வீஸ் அட்வைசர் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். செம்மண் நிறத்தில் தண்ணீர் அவர் ஷூவில் கொட்டியது.

“இன்னா சார், ஏரியையே உள்ள வெச்சிகினு ஓட்டியிருக்கீங்க. ஓட்டை எல்லாம் அடைச்சி கீது.” ஜாப் கார்டைப் புரட்டினார். “நம்மகிட்ட அடிச்சதுதான். நம்ம ஆள் தப்புன்னா வாரண்ட்டில மாத்திக் குடுத்துடுவாங்க. நீங்க அடைக்கச் சொல்லியிருந்தாதான் கை விரிப்பாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“நான் என்னத்த சொல்லப் போறேன்.”

எவ்வளவு சுலபமாகப் புரண்டது நாக்கு.

பூச்சு அடித்தவரைக் கூப்பிட்டார்கள். கருப்பான கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“டேப் ஒட்டலையா நீ?”

“ஒட்டினேன் சார்.”

“ஒட்டின டேப்ப காக்கா தூக்கினு போச்சா?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வழிவிடக் காத்திருப்பவரைப் போல, கொஞ்ச நேரம். நான் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படித்தேன். நான்கு வரி. இன்றும் மனப்பாடம்.

“மறந்திருப்பேன் சார்” என்றார்.

வண்டியை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, கூட வந்திருந்த மனைவி கேட்டாள்: “டேப்ப நீங்கதானே பிச்சீங்க?”

“வாரண்ட்டி இன்னும் எட்டு மாசம் இருக்கு” என்றேன். இதுவா பதில்? அதற்குப்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் தேவலை.

புதுத் தகடு வைத்து, பெயின்ட் அடித்து, வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். சாவியை நீட்டிய அட்வைசர் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்: “அந்த ஆள நிறுத்தியாச்சி சார். கான்ட்ராக்ட்தானே.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வாரண்ட்டி ரத்து. முடியட்டும், முடிந்ததும் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்மைக்குத் தவணை வாங்கிக்கொண்டேன். மழை விட்ட பிறகு, நிறுத்திய வண்டியின் அடியில் இருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேறும். பூச்சு அடித்தவர் சொன்னபடியே. அந்த எட்டு மாதத்தில் மழை பெய்த இரவெல்லாம் அந்தச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

வாரண்ட்டி முடிந்த மறு வாரம் போனேன். அதே அட்வைசர். டேப், நகம், என் திமிர், எல்லாம் சொன்னேன். பேனாவால் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

“இப்ப சொல்லி இன்னா சார் ஆவப் போவுது? அவன் ரூம காலி பண்ணிகினு போயி மாசக் கணக்காச்சி. போனும் எடுக்கல. வண்டி நல்லாதானே ஓடுது?”

“ஓடுது.”

“அப்புறம் இன்னா.”

லிஃப்டில் யாருடையதோ ஒரு புது வண்டி நின்றது. அதன் அடியில் வேறு ஒருவர். அவர் முன்கையில் நீலத் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒன்றை எடுத்துத் துளைமேல் வைத்துத் தேய்த்தார். நான் கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, கஸ்டமர் தாண்டக்கூடாத மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.