காசிமாயன் வீட்டு ஒற்றைக் கார்

"எழுவத்தொண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு காசிமாயன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போடுகிறார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபடி எடுத்துப் பார்க்கிறார். "எழுவத்தொண்ணேதான்." கார் என்னவோ கடைக்கு எதிரே, பத்தடி தூரத்தில், ஒரு மரத்தடியில் சும்மா நிற்கிறது. அதன் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் மனிதர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் இருக்கும் அதே பையில் கார்ச் சாவியும் இருக்கும். போனை எடுக்காத நேரங்களில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பழங்காநத்தத்தில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை அவருடையது. முப்பது வருடத் தொழில். ஓடுகிற மோட்டாரின் மேல் புறங்கையை வைத்தே, இது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அநேகமாகச் சரியாகவே இருக்கும். "கரண்டு எனக்குத் தம்பி மாதிரி சார்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்தத் தம்பி அவருடைய வலது கையை இரண்டு தடவை கருக்கியிருக்கிறான். அதைக் கேட்டால், "தம்பின்னா கோவப்படத்தான செய்வான்" என்று சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரைப் பார்க்க வேண்டும். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கடைக்குள் நுழைவார். காயில் சுற்றுகிற மிஷின், டிரில், ஸ்டார்ட்டர் பெட்டி, சுவிட்ச் போர்டு, தராசு, பழுதுக்கு வந்து கிடக்கிற ஊரார் மோட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் மோதிர விரலால் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் வைப்பார். "பதினெட்டாம்படியான் பாத்துக்கிருவான்" என்று அழகர்கோவில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு. முப்பது வருடமாக அவர் பொட்டு வைத்த எந்த சுவிட்சும் கோளாறு செய்ததில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அவர் வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருப்பவன். நான் குடிவந்தபோது அந்த வீட்டில் ஒரு கார்தான். மோட்டார் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் தொங்கிப்போன அவருடைய டீசல் வண்டி. அடுத்த வருடமே இரண்டாவதும் வந்தது. அது அவர் மனைவி சுபலட்சுமி தன் சம்பளத்தில் வாங்கிய சின்னச் சிவப்புப் பெட்ரோல் கார். சுபலட்சுமி அழகர்கோவில் ரோட்டில் ஒரு அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாற்பத்திரண்டு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். பழகும்போது கண்ணாடியில் ஒட்டிய சிவப்பு 'எல்' எழுத்தை எட்டு வருடமாகியும் அவர் சுரண்டி எடுக்கவில்லை. "அதைப் பாத்தா எல்லாரும் தானா ஒதுங்கிப் போறாக. எதுக்கு சார் கிழிக்கணும்?" என்பார்.

தெரு குறுகல். ஒரு கார் உள்ளே நின்றால் இன்னொன்று பக்கத்து வீட்டு கேட்டை மறிக்கும். தினம் ஒரு வாய்த் தகராறு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகன் ராம்கி, இரண்டையும் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் ஒன்று வாங்குங்கள் என்று போனில் சொன்னான். கரண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் காசிமாயனுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. சுபலட்சுமி மட்டும் இழுத்தார்.

"நீங்க ஒரு தெசை, நான் ஒரு தெசை. ஒரு வண்டி எப்பிடி மாமா பத்தும்?"

"நானே கொண்டுபோயி விடுறேன், நானே கூட்டியாரேன். ஒன்னைய என்னைக்காச்சும் நடுரோட்டுல விட்டுருவனா சுபா?"

இந்த வாக்கை நம்பித்தான் டீசல் வண்டியோடு சிவப்புக் காரும் போனது. சிவப்புக் காரைப் பரவையிலிருந்து ஒரு காய்கறி வியாபாரி தன் மகளுக்காக வாங்க வந்தார். சுபலட்சுமி அதைத் தானே கழுவி, துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. புது வண்டி வந்தது. அழகர்கோவிலுக்குப் போய் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தது. அதன் பிறகு சுபலட்சுமி ஸ்டீயரிங்கைத் தொட்டு நான் பார்க்கவில்லை. "அதுக்குன்னு ஒரு ஓட்டு இருக்கு. அவளுக்குப் பிடிபடாது" என்று சாவியைத் தட்டிக்கொண்டு சொல்வார் காசிமாயன். எட்டு வருடம் தனியாக வண்டி ஓட்டிய பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் சுபலட்சுமிக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வு வந்தது. ஆறு வருடக் காத்திருப்பு. திருச்சியில், காலை பத்து மணிக்கு. பட்டியலில் அவர் பெயர் ஏழாவது. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இருந்தால் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும், மிஞ்சியதுதான் கிடைக்கும். மதுரைப் பக்கம் ஒரே ஓர் இடம்தான் காலி. மற்றதெல்லாம் ராமநாதபுரம், அதற்கும் அப்பால்.

முதல் நாள் சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்தபோது முப்பத்தெட்டு சதவீதம் இருந்தது. வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் காசிமாயன் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பானெட், ஸ்டீயரிங், நாலு டயர். பிறகு சார்ஜ் போடுகிற வாயின் மூடியைத் திறந்தார். துளைகள் உள்ள அந்த வட்டத்தின் மேலேயே ஒரு விரல் நிறையச் சந்தனத்தை அப்பினார். "நாளைக்கு நல்ல சேதி வரணும்ல சார், எதையும் விட்டுறக் கூடாது" என்றார். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். படித்தவன் என்று பேர். அப்புறம் ஒயரை எடுத்து அழுத்திச் சொருகினார். கொஞ்சம் இறுக்கமாகப் போனது, போய்விட்டது.

மற்ற நாட்களில் ராத்திரி நாலு தடவை எழுந்து போனில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பவர் அவர். அன்றைக்கு சுபலட்சுமி போனை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "இன்னைக்கு ஒரு நாளாவது தூங்குங்க மாமா. நாளைக்கு வண்டி ஓட்டணும்ல."

காலை ஆறு மணிக்குக் காசிமாயன் காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. திருச்சியில் என் தங்கை வீடு இருக்கிறது. அந்தச் சாக்கில் நானும் பின் சீட்டில் ஏறியிருந்தேன்.

"எம்புட்டு இருக்கு மாமா?" என்று படியிறங்கிக்கொண்டே கேட்டார் சுபலட்சுமி.

"இருக்கு, இருக்கு. தாராளமாப் போகும்" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டரின் மேல் போட்டார். "வெயிலு பட்டா கண்ணு கூசும்."

வெயில் இன்னும் வரவே இல்லை. துண்டு விழும் முன் நான் எட்டிப் பார்த்திருந்தேன். அதே முப்பத்தெட்டு. அப்போதே சொல்லியிருந்தால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கலாம். அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிவப்புக் காரைப் பற்றிய பேச்சு வரும். நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் காரில் ஓசியில் போகிறவனுக்கு வாய் எங்கே வரும்?

மேலூர் தாண்டினோம். நாலுவழிச் சாலையில் லாரிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. ஏ.சி. போடவில்லை, ஜன்னல்கூடத் திறக்கவில்லை. "தெறந்தா காத்து இழுக்கும், வண்டி தெணறும்" என்றார். அவர் கழுத்தில் வேர்வை ஓடையாக இறங்கியது. சுபலட்சுமி மடியில் சான்றிதழ் பையை வைத்து அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"ஏன் மாமா உருட்டிக்கிட்டே வர்றீங்க? மணி ஏழரையாச்சு."

"வண்டிய வெரட்டக் கூடாது சுபா. போயிரலாம்."

கொட்டாம்பட்டி தாண்டியதும் சுபலட்சுமி கையை நீட்டித் துண்டைத் தூக்கினார். பதினெட்டு. அவர் அதையே பார்த்தார். பிறகு துண்டை நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எங்கள் இருவருக்குமே மூச்சு வந்திருக்கும்.

"துவரங்குறிச்சி தாண்டி ஓட்டல்ல சார்ஜ் போடுற எடம் இருக்கு. அரை மணி நேரம் போட்டாப் போதும், பறந்துரலாம்" என்றார் காசிமாயன். குரல் அவருடையதாக இல்லை. பதினாறு. பதினைந்து. ஒவ்வோர் எண்ணும் மாறும்போது அவர் உதடு அசைந்தது.

ஓட்டலுக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டேகால், சார்ஜ் பன்னிரண்டு. பெரிய மிஷினின் ஒயரை இழுத்து வந்து காரில் சொருகினார். சிவப்பு விளக்கு. கழற்றிச் சொருகினார். சிவப்பு. பக்கத்து மிஷினில் போட்டுப் பார்த்தார். அதுவும் சிவப்பு. சுபலட்சுமி இறங்கி வந்து அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அந்தத் துளைகளைக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு விரலை வைத்து எடுத்து முகர்ந்தார். அந்த விரலைக் கணவனின் முன்னால் நீட்டினார். காய்ந்துபோன சந்தனம், நுனியில் கொஞ்சம் குங்குமம்.

"நடுரோட்டுல விடமாட்டேன்னு சொன்னீகளே மாமா."

அவ்வளவுதான் சொன்னார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தார்.

அந்த இடத்தில் திருச்சி பஸ் எதுவும் நிற்காது. முதல் பஸ் நிற்காமல் போனது. இரண்டாவதும் போனது. காசிமாயன் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, வேட்டி வேறு. துண்டை இரண்டு கையிலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சாலைக்கு உள்ளேயே போய் நின்றுவிட்டார். மூன்றாவது பஸ் அவருக்கு நாலு அடி முன்னால் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, "அண்ணே, வீட்டுக்காரியக் கொண்டுபோயிச் சேத்துருங்கண்ணே. பத்து மணிக்கு அங்க இருக்கணும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சுபலட்சுமி ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்டலில் ஒரு புது டூத் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். அவர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு துளையாகத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்தார். "முப்பது வருசமா மோட்டாரு கட்டுறவன் சார் நான். கரண்டு போற வாயில எதையும் அப்பக் கூடாதுன்னு எனக்கு யாரு சொல்லித் தரணும்? சுவிட்சுக்கு மேல மூடி இருக்கும் சார், அதுல வச்சுப் பழகிப்போச்சு. இது வாயே தெறந்துல்ல கெடக்கு." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ போலிருந்தது. ஒன்பது மணி சுமாருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. போனை மடியில் வைத்து, அது அடிக்குமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தே முக்காலுக்கு அடித்தது. அவர் எடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆறாவது ஆளக் கூப்பிடும்போது உள்ள போனேன். மதுரையே கெடச்சிருச்சு. நான் பஸ்லயே வந்துர்றேன்."

"இல்ல சுபா, வாரேன். நான் வாரேன்" என்று போனுக்கு வெகுதூரத்திலிருந்து கத்தினார் காசிமாயன்.

திருச்சியில் சுபலட்சுமி ஆணைக் காகிதத்தோடு வாசலில் நின்றிருந்தார். ஒரு பாட்டம் திட்டு இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் உள்ளங்கையை மட்டும் நீட்டினார். காசிமாயனின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி வெளியே வர ரொம்ப நேரம் பிடித்தது. என் தங்கை வீட்டை மறந்துவிட்டு நானும் அவர்களோடே திரும்பினேன். இங்கே நடக்கிற கூத்தை விட்டுவிட்டு எங்கே போவது? சுபலட்சுமி ஏ.சி.யை முழுசாக வைத்து, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். விராலிமலை பக்கம் வரும்போது காசிமாயன் "எம்புட்டு" என்று ஆரம்பித்து, மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் பள்ளிக்கூடத்தில் சுபலட்சுமிக்கு முதல் நாள். சாவியோடு அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். காசிமாயன் சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டுக்கு வைத்தார், டயர்களுக்கு வைத்தார். பழக்கத்தில் சார்ஜ் மூடியைத் திறந்தார். சந்தனம் தொட்ட மோதிர விரல் அந்தத் துளைகளின் அருகே போய் நின்றது. பக்கக் கண்ணாடியில் சுபலட்சுமி பார்த்துக்கொண்டிருப்பது மாடியிலிருந்து எனக்குத் தெரிந்தது. காசிமாயன் முழங்கையால் மூடியைச் சாத்தினார். விரலில் இருந்ததைத் தன் நெற்றியில் நீளமாக இழுத்துக்கொண்டார். பிறகு போய், கேட்டை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.