ஒட்டில் பூசிய திருநீறு

என் வீட்டில் ஓர் அறையின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அது சாத்திக்கொள்ளாமல் ஓர் இரும்புத் துண்டு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. முழங்கை நீளம் இருக்கும். இரண்டு முனைகளும் சாய்வாக வெட்டப்பட்டவை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் காலை இடித்துக்கொண்டு, இதென்ன சனியன் என்று கேட்பார்கள். ஒரு வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலிருந்து வெட்டி எடுத்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நானும் அண்ணையும் எட்மண்டனில் ஒரு மாமியின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். மாமி எங்களுக்கு உறவில்லை. வீட்டுக்காரி, ஊர்ப்பக்கத்தவர், அதனால் மாமி. அண்ணை கார் திருத்தும் இடமொன்றில் வேலை செய்தார். அங்கே ஒரு மூலையில் யாரும் தேடி வராத பழைய அமெரிக்க பிக்கப் ஒன்று வருடக்கணக்காகக் கிடந்தது. முதலாளி தொழிலை விட்டுப் போகிறபோது அதை அண்ணையிடமே கொடுத்துவிட்டார். உருண்ட மூஞ்சி, மங்கிய நீலம், இந்த நாட்டு வண்டிகளைப்போல் வலப்பக்கம் இல்லாமல் ஸ்டியரிங் இடப்பக்கம், பின்னால் ஒரு கட்டிலையும் அலுமாரியையும் ஒன்றாகக் கிடத்தக்கூடிய நீளப் பெட்டி. அண்ணை அதை ஓட வைத்து எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்த அன்று, அதன் வால் பக்கத்து வீட்டு வாசலையும் தாண்டி நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த பார்வையில், இவருக்கு இனிப் பெண் தேட வேண்டியதில்லை என்று மாமி பகிடி பண்ணினார்.

எனக்குப் பயம் என்பது கூடப் பிறந்தது. ஊரில் ஹெலிகொப்டர் சத்தத்துக்குப் பயந்தேன். இங்கே வந்து, பின்னால் கேட்கும் காலடிக்குப் பயந்தேன். அந்த நாட்களில் அது வெறும் மனப்பயமும் அல்ல. எங்கள் ஆட்கள் தெருவில் அடி வாங்கினார்கள், வாசல் கதவில் கடிதம் போடும் துவாரத்தால் அசிங்கங்கள் வந்து விழுந்தன. இந்த நாட்டில் எனக்கென்று இருந்தது அண்ணை ஒருவர்தான். அவர் வேலையால் வரக் கொஞ்சம் பிந்தினாலும் யன்னலை விட்டு நகர மாட்டேன். ஒரு காலை நாங்கள் வெளியே வந்தபோது பிக்கப்பின் முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. கதவில் எங்களைப் போகச் சொல்லிச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். அண்ணை ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். இது யாருடைய வண்டி, எந்த வீட்டு வண்டி என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

மாமியின் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் ஒரு சின்னக் கராஜ் இருந்தது. அண்ணை வண்டியை அதற்குள் விட்டுப் பார்த்தார். மூக்கு சுவரில் முட்டிய பிறகும் வால் வெளியே நின்றது, கதவு இறங்கவில்லை. வண்டியை விற்றுவிடுவார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவரோ அளவுநாடாவை எடுத்தார்.

“பெட்டியைக் குறுக்கினால் சரி,” என்றார்.

“பெட்டியை மட்டுமோ?” என்று கேட்டேன்.

“இல்லை, சேசிஸையும்தான். நடுவிலை ஒரு துண்டை எடுத்துப்போட்டு ஒட்டவேணும்.”

சொன்ன விதத்தில், சட்டையின் கையைக் குட்டையாக்கித் தைக்கிற வேலை என்றுதான் எவரும் நினைப்பார்கள். நான் அந்தச் சனி, ஞாயிறுகளில் கராஜ் பக்கம் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது கண்டது வேறு. பெட்டியைக் கழற்றி வைத்திருந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் ஓடும் நீளச் சட்டங்கள் எலும்பாய்த் தெரிந்தன. அவற்றில் சோக்கட்டியால் சாய்வுக் கோடுகள் கீறி, நேர் வெட்டைவிடச் சாய்வு வெட்டு பலம் என்று எனக்கு விளக்கினார். அடுத்த கிழமை போனபோது வண்டி இரண்டாகக் கிடந்தது. முன் பாதி ஒரு பக்கம், உருளும் பின்சில்லுகளோடு பின் பாதி ஒரு பக்கம், நடுவில் ஓர் ஆள் நடந்து போகலாம். பின் பாதியை உருட்டி முன் பாதியோடு சேர்த்து, நெருப்புப் பொறி பறக்க வெல்டிங் வைத்து ஒட்டினார். உள்ளே பின்சில்லுகளைச் சுழற்றும் நீளத் தண்டையும் அதற்கேற்பக் குறுக்கினார். எங்கோ உடைத்த வண்டியிலிருந்து ஒரு குட்டைப் பெட்டி வந்து ஏறியது. கராஜ் கதவு கடைசியில் இறங்கிப் பூட்டியபோது அண்ணையும் மாமியும் கை தட்டினார்கள். நான் அந்த இரண்டு பாதிகளையும் கண்ணால் கண்டவள். அவை மறுபடி பிரிவது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

முதல் ஓட்டத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால் முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமென்றால் அவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. வலப்பக்கம் இருக்கிறவள் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் இருந்த இடம் வேறு வண்டிகளில் சாரதி இருக்கும் இடம். கையில் பிடிக்க ஒன்றுமில்லை, காலுக்குப் பிரேக் இல்லை, எதிரே வரும் லொறிகளெல்லாம் என் மடிக்குத்தான் வந்தன. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இருக்கைக்குப் பின்னால் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்கும். ஒட்டு விட்டுவிட்டது, இந்த நிமிடம் நாங்கள் முன்னாலும் எங்கள் சில்லுகள் பின்னாலும் போகப்போகிறோம் என்று நான் இருக்கையின் ஓரத்தை நகத்தால் பிறாண்டுவேன்.

“ஒண்டும் நடவாது. பயப்பிடாதை,” என்பார் அண்ணை. “றைட்டோ, வரலாமோ, அதை மட்டும் சொல்லு.”

சில கிழமைகள் கழிந்து, சனிக்கிழமை காலை கராஜுக்குப் போனபோது ஓர் அதிசயம் கண்டேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டின் மேல் திருநீறு குழைத்துப் பூசியிருந்தது. அண்ணை கோயில் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர். ஊரிலேயே அம்மா அவர் நெற்றியில் பூசிவிட்டால் வாசல் தாண்டுமுன் அழித்துவிடுவார். அப்படிப்பட்டவர் வண்டிக்குப் பூசியிருக்கிறார்! ஓடிப்போய் மாமிக்குச் சொன்னேன். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணையிடம் கேட்டு அவரை வெட்கப்படுத்த வேண்டாம் என்று எங்களுக்குள் முடிவு செய்தோம். அன்றிலிருந்து என் பயம் பாதியாகக் குறைந்தது. அவரால் முடியாததைக் கடவுளிடம் விட்டுவிட்டார், இனி அது அவர் பாடு என்று நிம்மதியாக இருந்தேன். பெரிய ரோட்டில் போகும்போது ஒருமுறை தூங்கியும் போனேன். சனிக்கிழமைகளில் அண்ணை குனிந்து அந்தத் திருநீற்றைப் பார்ப்பதைக் கண்டு, பக்தி முற்றுகிறது என்று நானும் மாமியும் கண்ணால் பேசிக்கொண்டோம்.

லூயிஷாம் கோயிலில் அன்னதானத்துக்கு மாமி அரிசி கொடுப்பதாக நேர்ந்திருந்தார். ஒரு சனிக்கிழமை, பெட்டியில் மூட்டைகளை ஏற்றியாயிற்று. மாமி பட்டுச் சேலையோடு முன்னிருக்கையின் நடுவுக்கு, நான் எனது எதிர்ப்பக்கத்து இருக்கைக்கு என்று ஏறப்போன நேரம், வழக்கம்போல் குனிந்த அண்ணை வெள்ளைப் பூச்சில் வேறு விரல்களின் தடத்தைக் கண்டார், நிமிரவில்லை.

“உதிலை ஆர் கை வைச்சது?” என்றார்.

“நான்தான் தம்பி,” என்றார் மாமி பெருமையோடு. “நீ பூசினது காய்ஞ்சு கொட்டுண்ணுது. வெள்ளிக்கிழமையிலை முழுகிப்போட்டு நான்தானே புதுசாக் குழைச்சுப் பூசிறன்.”

“எவ்வளவு காலமா?”

“நீ துவங்கின நாளிலையிருந்துதான்.”

அண்ணை அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகுதான் சொன்னார். சட்டத்தின் உட்பக்கமாக ஒட்டின் மேல் மண்ணெண்ணெய் தடவுவாராம். வெளிப்பக்கம் திருநீறு. மயிரிழை அளவுக்கு வெடிப்பு இருந்தாலும் எண்ணெய் ஊறி வந்து வெள்ளையில் கறுப்பாய்க் கோடு காட்டும். சோக்கட்டித் தூள் நிற்கவில்லை, மாமியின் சாமியறைத் திருநீறு நன்றாய் ஒட்டியது, எடுத்தார். வெள்ளி காலை தடவிவிட்டு வேலைக்குப் போனால் சனி காலை பார்க்கலாம். இடையில் மாமி முழுகிவிட்டு வந்து, ஏறியிருந்த கோட்டையும் மூடிப் புதிதாய்ப் பூசியிருக்கிறார். அண்ணை அத்தனை கிழமையும் பார்த்து நிம்மதி அடைந்தது மாமியின் புதுத் திருநீற்றை.

துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். மறுபடி உள்ளே எண்ணெய் தடவி, வெளியே திருநீறு பூசினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம், இம்முறை மறுநாள் வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. வலப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. இடப்பக்கம், ஒட்டின் கீழ் மூலையிலிருந்து, எறும்பு ஊர்ந்து வருவதுபோல் மெல்ல ஒரு கறுப்பு இழை மேலே ஏறியது. நான் தூங்கிப்போன அந்தப் பெரிய ரோடு நினைவுக்கு வந்தது.

“கடவுள் காப்பாத்திப்போட்டார்,” என்றார் மாமி.

“மறைச்சதும் அவர்தான் மாமி,” என்றார் அண்ணை. கோபமாகச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், “எனக்கு ஒவ்வொரு நாளும் பயமாத்தான் இருந்தது, பிள்ளை. நீ அந்தப் பக்கத்திலை இருக்கிறாய்,” என்றார்.

அதுவரை பயம் என்னுடைய சொத்து என்றே எண்ணியிருந்தேன். அவரும் பயந்தார், அதை என்னிடம் காட்டாமல் இரும்பிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை, பிறகு ஆத்திரம். அன்று அரிசியை ஒரு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணை வரவில்லை. வெடித்த ஒட்டைத் தேய்த்து எடுத்து, மறுபடி ஒட்டி, மேலே நீளத் தகடு வைத்து இறுக்கினார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கலியாணம் செய்து இல்ஃபோர்டுக்கு வந்தபோது என் சாமான்கள் அந்தப் பிக்கப்பில்தான் வந்தன. தகட்டின் ஓரங்களில் வெள்ளை மாறவேயில்லை. மாமியும் சனிக்கிழமைகளில் வந்து நின்று, “பாத்திட்டியே தம்பி? இனி நான் பூசட்டோ?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்.

மாமி இப்போது இல்லை. வண்டியை அண்ணை யாரோ பழைய வண்டிப் பித்தருக்கு விற்றுவிட்டார். வெட்டி எடுத்த துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்திருந்தார். போன மாரியில் அவருக்கு இருதய ஒப்பரேஷன் நடந்தது. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, பிறகு கம்பியால் கட்டி மூடினார்கள். தனி ஆள், என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன்; அந்தத் துண்டும் கூடவே வந்தது. வந்த அன்று, எனக்குத் திருநீறு பூசிவிடு என்று கேட்டார். நான் வியந்துபோய் எடுத்து வந்து நெற்றியில் பூசப்போனேன்.

“அங்கை இல்லை,” என்று சட்டையைத் திறந்து நடுநெஞ்சைக் காட்டினார். “ஒட்டினது இஞ்சை.”

அங்கே ஒன்றும் பூசக்கூடாது என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள். நெற்றியில்தான் பூசினேன். இம்முறை அவர் அழிக்கவில்லை.

மத்தியானங்களில் அவர் நித்திரை கொள்ளும்போது நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பேன். இரும்புத் துண்டு அவர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் மூச்சு எனக்குக் கேட்க வேண்டும். சில வேளை கண்ணைத் திறவாமலே, “ஒண்டும் நடவாது, கதவைச் சாத்து பிள்ளை,” என்பார்.

“ஏலாது அண்ணை,” என்பேன். “நான் இந்தப் பக்கத்திலை இருக்கிறன்.”