அந்த வீட்டுக்காரர் தூங்குகிறார்

எங்கள் கம்பெனி மாடியில் ஒரு நீள அறை. கீழே மிஷினில் தைத்து அனுப்பும் சட்டைகளுக்கு நாங்கள் பட்டன் ஓட்டைக்குக் காஜா கட்டுவோம், பட்டன் வைப்போம், பிசிறு வெட்டுவோம். கைக்கு ஓயாத வேலை. வாய்க்குத்தான் வேலை கிடையாது. வேலையில்லாத வாய் சும்மா இருக்குமா? யார் வீட்டு வம்பானாலும் அங்கே அலசப்பட்டது. ஒருநாள் நாத்தனார் பேச்சு ஒன்று முற்றிப்போய், ஒரு கட்டுச் சட்டை முழுக்கப் பட்டன் இடம் மாறி விழுந்தது. அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் ஒரு முடிவுக்கு வந்தார். அவரை நாங்கள் ஸ்கேல் என்போம். கையை விட்டுப் பிரியாத மர ஸ்கேலால் அவர் பட்டன் இடைவெளி அளந்ததைவிட முதுகு சொறிந்துகொண்டதுதான் அதிகம். யாராவது ஒருத்தி ஏதாவது படியுங்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தையுங்கள், சண்டையாவது நிற்கும் என்றார்.

படிக்கிறவள் தைக்க முடியாது. அதனால் அவள் பங்குச் சட்டைகளை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கித் தைத்துவிடுவது என்று ஏற்பாடு. ஆளாளுக்குப் படித்துப் பார்த்தோம். நான் படித்தால் சண்டை போடுவதுபோல் இருக்கிறதாம். கடைசியில் அந்த வேலை வாசிப்பக்காவிடம் போய் நின்றது. ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத ஆள். ஆனால் புத்தகத்தைப் பிரித்துவிட்டால் மாமியார் வேறு, மருமகள் வேறு, பால்காரர் வேறு. அத்தனை பேரும் அந்த ஒரு தொண்டைக்குள் குடியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று.

டீ நேரத்தில் கதையைப் பற்றி எல்லோரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். இது யார் போட்ட சட்டமும் இல்லை, தானாக வந்த பழக்கம். சொல்லாதவளுக்கு டீ தொண்டையில் இறங்காது. வாசிப்பக்கா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்படித்தான் ஒருநாள் அந்த நாவல் வந்தது. சிரிப்புக் கதை. ஒரு புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறான். பெண்டாட்டி அழாமல், அவர் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று தெருவையே நம்பவைக்கிறாள். ஆரம்பம் சுமார்தான். எழுதியவருக்கு வீட்டு வேலை ஒன்றும் தெரியாது என்று நானே டீ நேரத்தில் கிழித்துத் தோரணம் கட்டினேன். ஆனால் நடுவில் கதைக்கு எங்கிருந்தோ ஒரு உயிர் வந்தது. புருஷன் திரும்பி வந்துவிட்டார், இப்போது அவருக்கு நைட் டூட்டி, பகல் முழுக்கத் தூங்குவார் என்று அவள் புதுப் பொய் ஒன்றை எடுத்துவிட்டாள். வாசலில் ஆண் செருப்பு, கொடியில் ஆண் சட்டை. தெருப் பிள்ளைகள் பந்து விளையாட வந்தால் ஜன்னல் வழியே விரலை உதட்டில் வைத்து, "அவர் தூங்கறார்" என்பாள். இல்லாத ஒரு மனுஷனுக்காக ஒரு தெருவே பூனை மாதிரி நடந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே மிஷின்காரர்கள் மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

டீ நேரத்தில் காஜாக்காரம்மா ஒரு குறை சொன்னார். அறையிலேயே மூத்தவர், காஜா கட்டுவதில் புலி, எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பவர். தினமும் ஒரே சட்டை காய்ந்தால் எதிர்வீட்டுக்காரி கவனிக்கமாட்டாளா என்று கேட்டார். மறுநாள் படித்த பக்கத்திலேயே கதாநாயகி கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கினாள். செருப்பு தேயவே இல்லையே என்று புதுப்பெண் கேட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி மஞ்சள்கூட மங்கவில்லை. அடுத்த நாளே கதாநாயகி தன் காலைவிடப் பெரிய அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் நடந்து தேய்த்தாள். "நம்ம பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதின மாதிரி இருக்கே" என்று காஜாக்காரம்மாவே மூக்கில் விரலை வைத்தார்.

ஸ்கேலுக்கு மட்டும் கதை பிடிக்கவில்லை. கதவோரம் நின்று ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டு, ஒரு தெருவே ஏமாறுமா, காதில் பூ சுற்றுகிறார்கள் என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், வாசிப்பக்காவின் புருஷனும் நைட் வாட்ச்மேன். காலையில் அவள் படியேறும்போதெல்லாம் ஸ்கேல், "வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்பார். "வந்துட்டார் சார், தூங்கறார்" என்பாள். நாங்கள் சும்மா விடுவோமா? உங்கள் வீட்டுக்காரர் நிஜமாகவே இருக்கிறாரா, இல்லை அவரும் செருப்புதானா என்று கேலி செய்தோம். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் பலமாகச் சிரித்தாள்.

ஒருநாள் டீக்கு எழுந்தபோது அவள் மடியிலிருந்து புத்தகம் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். விரிந்து கிடந்த பக்கத்தில் ஒரு தையல் மிஷின் படம். கீழே, அடிநூல் சுற்றும் பாபினில் நூல் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. புரட்டினேன். பாதிக்கு அப்புறம் நாவலே இல்லை. கிழிந்துபோன பாதிக்குப் பதிலாக மிஷினோடு வரும் விளக்கப் புத்தகத்தை வைத்துத் தைத்திருந்தாள், எங்கள் கம்பெனி நூலாலேயே.

பாபின் படத்தைப் பார்த்துக்கொண்டா இவள் இத்தனை நாளும் எங்களைச் சிரிக்கவைத்தாள்? அந்த எதிர்வீட்டுக்காரி, அந்தப் பால்காரர், அந்தக் கோடு போட்ட சட்டை, எல்லாம் இந்த ஒல்லி உடம்புக்குள்ளிருந்தா வந்தது? கோபம்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

படிக்கட்டுப் பக்கம் அவளைத் தனியாக இழுத்துப் போனேன். பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது கிழிந்திருப்பதைப் பார்க்கவில்லையாம். பக்கம் தீர்ந்த அன்றைக்கே சொல்லத்தான் நினைத்தாளாம்.

"நாளைக்கு என்ன ஆகும்னு காஜாக்காரம்மா கேட்டாங்க. நாளைக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்காக இவ்வளவு பொய்யா? எங்கருந்துக்கா வருது உனக்கு?"

"பாதி எங்க வீட்ல நடக்கிறதுதான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூங்கறார் சார், தூங்கறார் சார் என்று தினம் எங்கள் காது படச் சொன்னாளே! உண்மையை நடுவீட்டில் போட்டு அதன் மேலேயே எங்களை உட்காரவைத்துச் சிரிக்கவும் வைத்திருக்கிறாள். அவர் இவளை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறதாம். தனியாக இருக்கும் பொம்பளைக்கு யார் வீடு தருவார்கள் என்ற பயத்தில், குடிவந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டம்மா வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதும் தூங்குகிறார் என்று வாயில் வந்துவிட்டதாம். மறுநாளும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் வீடு ஊரின் இன்னொரு கோடி. எங்களில் ஒருத்தியும் அந்தப் பக்கம் போனதில்லை.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. புருஷன் வருகிறானாம். ஞாயிற்றுக்கிழமை வந்து இனி ஒழுங்காகக் குடித்தனம் பண்ணுவதாக நாத்தனார் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"உள்ள விட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. செருப்புகூட வாசல்ல ரெடியா இருக்கு" என்றாள். "விடலைன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும், நான் இத்தனை வருஷமாப் புளுகினது."

நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். நான் அவளை வெளியே காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் கதையிலும் புருஷன் வந்துவிட்டான். பெட்டியோடு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, சத்தம் போடாதீர்கள், அந்த வீட்டுக்காரர் தூங்குகிறார் என்று அவனையே அதட்டுகிறாள். அறை வெடித்துச் சிரித்தது. ஸ்கேல்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அவள் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டாள்.

டீ நேரத்தில் அறை இரண்டுபட்டது. புதுப்பெண்ணுக்கு அவன் உள்ளே போக வேண்டும், காலில் விழ வேண்டும், இவள் அழ வேண்டும். நான், கதவைச் சாத்து என்றேன். காஜாக்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"சட்டை கொடில இருக்கு, தெருவும் ஒத்துக்கிச்சு. வந்தவன் பேசாம உள்ள போய்ப் படுத்தான்னா அவ மானம் காப்பாத்தப்பட்டுடும். கதவைச் சாத்தினா நாளைக்குத் தெருவுல எப்படித் தலை காட்டுவா? எல்லாரும் பொய்க்காரின்னுதானே சொல்லுவாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது. வாசிப்பக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காக இப்படிப் பார்க்கிறாள் என்று அறையில் எனக்கு மட்டும் தெரியும். பட்டன் வைத்த கையெல்லாம் தெரியாமலே ஒரு நிஜ வீட்டுக் கதவின் மேல் இருந்தது.

சனிக்கிழமை முடிவு. அன்றைக்கு அவள் பாபின் பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. புத்தகம் மடியில் திறந்து கிடக்க, ஜன்னலைப் பார்த்தே சொன்னாள். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். வாசலில் புருஷன், எதிரே கூடிவிட்ட தெரு. அவள் அந்தத் தேய்ந்த செருப்பை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். பிறகு தெருவைப் பார்த்து, உள்ளே யாரும் தூங்கவில்லை, எப்போதும் தூங்கினதும் இல்லை, தனியாக இருக்கப் பயந்து பொய் சொன்னேன், இப்போது பயம் இல்லை என்கிறாள். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, இனிமேல் நன்றாகச் சத்தம் போட்டு விளையாடுங்கள் என்கிறாள்.

அவ்வளவுதான். புத்தகத்தை மூடினாள். அன்றைக்கு ஒருத்தியும் அபிப்பிராயம் சொல்லவில்லை. புதுப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காஜாக்காரம்மா வாசிப்பக்காவையே வெறித்துப் பார்த்தார். பிறகு குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். கதையில் சொல்வது எளிது, வாசலில் சொல்வது எளிதா என்ற நினைப்பிலேயே எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

திங்கட்கிழமை அவள் படியேறி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேல் வழக்கம்போல முதுகைச் சொறிந்துகொண்டே, "வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்றார்.

"நேத்து வந்தார் சார். அனுப்பிட்டேன்." ஒவ்வொரு காலையும் பதில் சொல்லும் அதே குரல்தான். "அவர் என்னை விட்டுப் போய் ரொம்ப வருஷமாச்சு. நான்தான் தூங்கறார்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

ஸ்கேலின் கை முதுகிலேயே நின்றது. என் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை நாள் பட்டன் தைத்திருக்கிறேன் என்ற பெருமையா, திகைப்பா, எனக்கே சொல்லத் தெரியவில்லை.

காஜாக்காரம்மாதான் முதலில் பேசினார். கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளைங்க சத்தம் போட்டாங்களா?"

வாசிப்பக்கா தன் இடத்தில் உட்கார்ந்து, தன் பங்குச் சட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"காது ரெண்டும் கிழிஞ்சு போச்சும்மா."