வாசலில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரு சுத்தக்காரி இருக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. மற்றவர்களின் பிள்ளைகள் சாப்பிட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்த வயதில், என் மகள் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். சாலாக் செலாத்தானில் இருக்கும் என் நாத்தனார் தன் வீட்டுத் தரையை யாரும் அழுத்தி மிதிக்கக்கூட விடமாட்டார். அவரே, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! என் மருமகளுக்கு ரெண்டு நாள் டியூஷன் எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். நான் அடக்கமாக இருப்பதுபோல் நடித்தேன். அந்த நடிப்பு எனக்குச் சரியாக வரவில்லை.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். யாராவது வேலைக்கு மட்டம் போட்டால், மறுநாள் அவர்களுடைய எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், என் மேசைக்குத்தான் வரும். திங்கட்கிழமை வயிற்றுப்போக்கு, வெள்ளிக்கிழமை முதுகுவலி எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆளின் முகத்தைப் பார்த்தே எது நிஜ நோய், எது நாடகம் என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, என் வீட்டிலேயே மூன்று வருஷம் வளர்ந்துகொண்டிருந்த ஒன்று கண்ணில் படவில்லை. நான்தான் அதற்குத் தினமும் பாராட்டு விழா நடத்திக்கொண்டிருந்தேனே.

எங்களுடையது கிள்ளானில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு தெரஸ் வீடு. துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும் குழாயடியில் கை கால் கழுவி, மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். வீட்டில் இருப்பவர் யாராவது அதற்கு முன்பே ஒரு வாளியில் மஞ்சள் கரைத்து வைத்திருப்பார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியும் இதே வேலையைப் பம்பளிமாஸ் இலை போட்டுச் செய்வார். அவருடைய வாளி சிவப்பு, எங்களுடையது நீலம். மற்றபடி சாவு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அண்ணன் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவள் காரிலிருந்து இறங்கி நேரே உள்ளே ஓடினாள். பாவம், அவசரம், வழியில் பெரிய நெரிசல் வேறு. எனக்கு அண்ணன் போன துக்கம், பசி, தலைவலி. "தீட்டோட உள்ள ஓடுறியே, வீட்டுல யாருக்காச்சும் ஒண்ணு ஆனா என்னாடி பண்ணுவே?" என்று கத்தினேன். கத்தியதை அன்றைக்கே மறந்தும்விட்டேன். நான் ஒரு நாளைக்குக் கத்துவதில் எதையென்று ஞாபகம் வைத்துக்கொள்வது?

கொஞ்ச நாளில் என் கணவர் மோட்டார்சைக்கிளில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். போர்ட் கிள்ளானில் லோரிகளை அனுப்பும் வேலை அவருக்கு. அன்று மழை, ரோட்டில் எண்ணெய். யாரும் எதையும் எதோடும் முடிச்சுப் போடவில்லை. அவர் கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து எங்களை வேலை வாங்கியதுதான் எனக்கு ஞாபகம். அந்த வாரம்தான் மகள், "இனிமே வாளி நான்தான் வைப்பேன்" என்றாள். எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று நாங்கள் உச்சி குளிர்ந்துபோனோம். அந்த நீல வாளியை அவள் கையில் சந்தோஷமாகக் கொடுத்தவள் நான்தான்.

முதலில் துக்க வீட்டுக்கு மட்டும் வாளி வந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் வந்தது. பிறகு சவ ஊர்வலத்தை வழியில் பார்த்தாலும், இறந்தவர் படம் போட்ட பேப்பரைத் தொட்டாலும் வந்தது. தொற்றுநோய்க் காலம் முடிந்து அதிக நாளாகவில்லை. ஊரே கை கழுவிக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டுக் கழுவல் தனியாகத் தெரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனால், கை கழுவும் இடத்தில் அவளுக்குப் பின்னால் வரிசை நிற்கும். ஒருமுறை ஓர் ஆள், "தங்கச்சி, சாப்பிடப் போறியா, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்று கேட்டார். அந்த ஆளை நான் ஒரு பிடி பிடித்தேன். கடை முதலாளி வந்து சமாதானம் செய்து எங்களுக்குக் கூடுதலாக அப்பளம் வைத்தார். அப்பளத்தைச் சாப்பிடும்போதுதான் அவளுடைய விரல் முட்டிகள் சிவந்து வெடித்திருப்பதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் தடவினேன். மருத்துவம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விகளும் ஆரம்பித்தன. "அம்மா, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பாள். "ஒண்ணும் ஆகாதுடா" என்பேன். ஐந்து நிமிஷம் கழித்து அதே கேள்வி, அதே பதில். எம்சியில் கையெழுத்துப் போடும் வேகத்தில் நான் பதில் சொல்லப் பழகிவிட்டேன். ஆபீசுக்கும் மெசேஜ் வரும். மீட்டிங்கில் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது என்று தட்டிவிடுவேன். பிள்ளை கேட்கிறாள், தாய் தைரியம் சொல்கிறாள், இதில் என்ன தப்பு?

அப்பாவையும் அவள் விடவில்லை. போர்ட்டிலிருந்து வந்தால் குழாயடியில் மூன்று தடவை குளிக்க வேண்டும். அவர் நடுங்கிக்கொண்டே, "லோரியக்கூட நாங்க வாரத்துக்கு ஒரு தடவதான்லா கழுவுறோம்" என்பார். மகள் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் மூன்றாவது தடவை தண்ணீரை ஊற்றுவாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். மறுத்தால் அவள் முகம் போகும் போக்கை எங்களால் பார்க்க முடியவில்லை.

பதின்மூன்று வயதில் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாம் ஒரேயடியாக முற்றியது. காலையில் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும். இவள் குழாயடியில் நிற்பாள். மறுபடி அடிக்கும், மறுபடி முதலிலிருந்து எண்ணிக் கழுவுவாள். நான் கத்துவேன். கத்தினால் எண்ணிக்கை தவறிவிடும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள். வேன்கார அண்ணன் பொறுமைசாலிதான், ஆனால் மற்ற பிள்ளைகளும் பள்ளிக்குப் போகவேண்டுமே. வருஷக் கடைசிப் பரீட்சையின் முதல் நாள் அவர் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் சீருடையே போடவில்லை. ஈரக் கையோடு குழாயடியில் உட்கார்ந்து, "என்னால நிறுத்த முடியலம்மா" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரு குழாயைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டாள்.

பள்ளி ஆலோசகர் டீச்சர் போன் செய்து மனநலப் பிரிவில் காட்டச் சொன்னார். "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் யாருக்கும் கிடையாது டீச்சர்" என்றேன். சொல்லிவிட்டு வழக்கம்போல் அடுப்பு கேஸை மூன்று முறை மூடிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

கிளினிக், கடிதம், காத்திருப்பு எல்லாம் தாண்டி ஒருவழியாக அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எதிர் நாற்காலியில் இன்னொரு பேப்பர் விரிந்திருந்தது. அது கொஞ்சம் இறங்கியபோது பார்த்தால், எங்கள் பக்கத்துக் கோயில் கமிட்டியில் இருக்கும் அக்கா. "என்னாக்கா இங்க?" என்றேன். "முட்டி வலிமா. நீ?" என்றார். "எனக்கும் முட்டிதான்" என்றேன். மனநலப் பிரிவின் வாசலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முட்டி வலித்தது. மகள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குனிந்து சிரித்தாள்.

உள்ளே இருந்த உளவியலாளர் ஒரு தமிழ்ப் பெண். சின்ன வயசு. நான் விசாரணையை ஆரம்பித்தேன்: எந்த ஊர், அப்பா என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இப்ப நான் கேக்கலாமா ஆன்டி?" என்றார். மகளிடம்தான் கேட்டார், இது எப்போது ஆரம்பித்தது என்று. அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மாமா செத்த அன்னைக்குக் கழுவாம உள்ள போயிட்டேன். அம்மா சொன்னாங்க, யாருக்காச்சும் ஒண்ணு ஆகும்னு. அப்புறம் அப்பா கால் உடைஞ்சிருச்சு. நான் சரியா கழுவலன்னா அடுத்தது அம்மாதான்."

மூன்று வருஷமாக, நாங்கள் சுத்தம் சுத்தம் என்று கைதட்டிக்கொண்டிருந்தபோது, அவள் என் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல், தனியாக. அங்கேயே அழுதுவிட்டேன். "என் வாயாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தையால வர்ற நோய் இல்ல ஆன்டி. அப்படி இருந்தா நம்ம ஆளுங்க எல்லாரும் இங்கதான் உக்காந்திருக்கணும்" என்றார் அந்தப் பெண். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இந்தப் பக்கம் ஒரு சாய்வு இருக்கும், குடும்பத்தில் பார்த்தாலும் தெரியும் என்றார். மகள் உடனே என் கேஸ் மூடும் கதையைப் போட்டுக்கொடுத்தாள். ஒரு பயம் வருகிறது, கழுவினால் குறைகிறது. குறைந்ததால்தான் மறுபடி கழுவத் தோன்றுகிறது, அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாக வருகிறது என்று விளக்கினார். "அதுக்கு நீங்களும் சாப்பாடு போட்டிருக்கீங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கும் பேப்பருக்கும் வைத்த வாளி, அப்பாவின் மூன்று குளியல், என்னுடைய ஒன்றும் ஆகாது, எல்லாமே சாப்பாடுதானாம்.

வாளியை ஒழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "வழக்கம் வழக்கமா இருக்கட்டும். ஒரு வாளி, ஒரு தடவ" என்றார். அவளுக்கு வீட்டுப்பாடம், கழுவாமல் அந்தப் பயத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக இருந்து பழகுவது. எனக்கும் ஒன்று கொடுத்தார். மகள் கேள்வி கேட்டால், இனி ஒன்றும் ஆகாது என்று சொல்லக் கூடாது. "தெரியாது, பாப்போம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தமிழ்த் தாய் சொல்கிற வார்த்தையா அது? முதல் நாள் அவள் கேட்டபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். இரண்டாம் நாள் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், சோறு அடிப்பிடித்தது. என் கணவர் ஒரே ஒரு தடவை குளித்துவிட்டு, ஜெயிலிலிருந்து வந்தவர்போல் நடுக்கூடத்தில் நின்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நல்ல நாளும் வந்தது, குழாயடியை விட்டு நகராத நாளும் வந்தது. வேன் மாதக்கணக்கில் அவளை விட்டுவிட்டுப் போனது, பிறகு ஒரு வாரத்தில் இரண்டு நாள் ஏற்றிக்கொண்டு போனது, பிறகு நான்கு நாள்.

இந்த வருஷக் கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள், போர்ட் கிள்ளானில் என் கணவரின் பெரியப்பா இறந்துபோனார். இதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று செத்தவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். "போயிட்டு வாங்கம்மா, வாளி வைக்கிறேன்" என்றாள் மகள்.

மத்தியானம் நான் மட்டும் முதலில் திரும்பினேன். குழாயடியில் நீல வாளி, ஒன்றே ஒன்று, இருந்தது. கை கால் கழுவினேன், தலையில் தெளித்துக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், கைகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கி வைத்திருந்தாள். இரண்டாவது தடவை கழுவச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கேள்வி வரும் என்று என் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. நாளைக்குக் காலையில் வேன் வந்து நிற்கப்போவதும், இவள் இந்தக் குழாயைத் தாண்டப்போவதும், தாண்டாமல் போவதும் மாறி மாறி வந்து கண்ணில் நின்றன.

"பாப்பா, நாளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கக்கத்திலிருந்து கைகளை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"தெரியாதும்மா. பாப்போம்" என்றாள். "உள்ள வாங்க, டீ ஆறுது."